இரவல் வாங்கிய பிள்ளைக்கு யார் பொறுப்பு?

சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் மாநாட்டில் வாக்களிக்கும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

உங்களில் அனேகமாக யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். திறந்த மடல் என்பதே, முகவரியில் இருப்பவரைவிட அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழட்டும் என்று எழுதப்படுவதுதானே. தவிர, உங்களிடம் கேட்பதற்கு எனக்கும் சிறு பாத்தியதை உண்டு. இந்தியா உங்கள் ஒன்றியத்தில் உறுப்பு நாடு. ஐஸ் என்றால் சர்பத்தில் மிதப்பது என்று நினைக்கிற ஊர்க்காரன் எழுதுகிறான் என்று தள்ளிவிட வேண்டாம்.

முதலில் ஒரு பாராட்டு. 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடி, சீனியர் போட்டியில் இறங்குவதற்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக, இரண்டு படிகளில், உயர்த்தினீர்கள். ஆதரவாக 100 வாக்கு, எதிராக 16. அந்த ஆண்டு பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவா ஊக்கமருந்து விவகாரத்துக்கு நடுவே விழுந்து விழுந்து எழுந்ததை உலகமே பார்த்திருந்தது. அவளைச் சுற்றி நின்ற பெரியவர்களின் முகத்தையும் பார்த்திருந்தது. அந்த வாக்கெடுப்புக்கு அந்தச் சிறுமி கொடுத்த விலை அதிகம். ஆனாலும் செய்தீர்கள். நல்லது.

அந்த முடிவால் ஜூனியர் காலம் நீண்டுவிட்டது. முன்பு 15 வயதிலேயே சீனியருக்குத் தாவிய பிள்ளைகள் இப்போது கூடுதலாக இரண்டு ஆண்டுகள் ஜூனியரில் இருக்கிறார்கள். எனவே ஜூனியர் போட்டிகளில் யார் யாரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது முன்னைக் காட்டிலும் முக்கியமாகிறது. அதிலும் ஜோடி ஸ்கேட்டிங். நான் கேட்க வந்தது அதைப் பற்றித்தான்.

எகத்தரீனா அலெக்சாண்ட்ரோவ்ஸ்கயா என்ற பெயர் உங்கள் ஆவணங்களில் இருக்கிறது. 2017 உலக ஜூனியர் சாம்பியன். நாடு: ஆஸ்திரேலியா. எல்லோரும் அவளைக் காத்யா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனால் கதையைச் சிட்னியிலிருந்து தொடங்கினால்தான் புரியும். ஹார்லி வின்ட்சர் மேற்குச் சிட்னிப் பையன், ஆஸ்திரேலியப் பழங்குடி வம்சாவளி. சிறுவனாக இருந்தபோது அவன் அம்மா காரில் வழி தவறித் திரும்பிய இடத்தில் ஒரு பனித்தளம் இருந்தது என்றும், பையன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான் என்றும் அந்தக் குடும்பம் சொல்லியிருக்கிறது. ரக்பியும் கிரிக்கெட்டும் ஆளும் ஊரில் ஒரு பையன் ஸ்கேட் கட்டிக்கொண்டு நடனமாடப் போனால் என்ன கேலி கிடைக்குமோ அதெல்லாம் கிடைத்திருக்கும். நின்று பிடித்தான். ரஷ்யாவிலிருந்து குடியேறிய பயிற்சியாளர்கள் கையில் வளர்ந்தான். உயரமும் தோளும் ஜோடி ஸ்கேட்டிங்குக்கு ஏற்றவை. ஜோடிதான் இல்லை.

இந்தச் சிக்கல் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதல்ல என்பது உங்களுக்கே தெரியும். பெரும்பாலான நாடுகளில் பனித்தளத்துக்கு வரும் பெண் பிள்ளைகள் ஏராளம், பையன்கள் சொற்பம். ஆனால் வருகிற பெண் பிள்ளைகளில் தலைக்கு மேலே தூக்கி எறியப்படச் சம்மதிப்பவர்கள் எத்தனை பேர்? தூக்கி எறியப்படுவதற்கு என்றே சின்ன வயதிலிருந்து பழக்கியவர்கள் எத்தனை பேர்? ரஷ்யாவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் உபரியாகவே இருந்தார்கள். மாஸ்கோவில் நீனா மோசெரின் குழு அப்போது உச்சத்தில் இருந்தது. 2014 சோச்சியில் தங்கம் வென்ற வொலொசொஷார், திரான்கோவ் ஜோடி அவருடைய மாணவர்கள். சிட்னியிலிருந்து அங்கே கேட்டார்கள். 2015 முடிந்து 2016 பிறக்கும் நேரத்தில் ஹார்லி மாஸ்கோவுக்குப் போனான். அங்கே காத்யா இருந்தாள். 2000 ஜனவரி 1இல் பிறந்தவள். 16ஐத் தொடுகிற வயது.

ஜோடி சேர்க்கும் முன் ஐஸில் வைத்துப் பார்ப்பதைப் பெண் பார்க்கும் படலம் என்றே சொல்லலாம். உயரம் பொருந்துகிறதா, எடை தூக்கத் தக்கதா, இருவர் முழங்காலும் ஒரே தாளத்தில் மடிகிறதா, சுற்றும் திசை ஒன்றா என்று சுற்றிலும் நின்று பெரியவர்கள் பார்ப்பார்கள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. அவனுக்கு ரஷ்ய மொழி தெரியாது. அது யாருக்கும் பெரிய தடையாகப் படவில்லை. உடம்பு ஒத்துப்போனது. பேச்சு முடிந்தது.

அவர்கள் கற்றுக்கொண்ட வேலை என்ன என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்காக அல்ல. அக்கம்பக்கத்தில் நின்று கேட்பவர்களில் பலர், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை டிவியில் பார்த்து, அழகான நடனம் என்று சொல்லிவிட்டுச் சேனல் மாற்றுபவர்கள்.

ட்விஸ்ட் என்று ஓர் அங்கம். பையன் பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் எறிகிறான். அவள் காற்றில் படுத்தவாக்கில் இரண்டு அல்லது மூன்று முறை சுழல்கிறாள். அவள் கால் ஐஸைத் தொடும் முன் அவன் மறுபடி இடுப்பைப் பிடித்தாக வேண்டும். அரை நொடி தாமதித்தால் அவள் முழங்கை அவன் முகத்தில் இறங்கும். ஜோடி ஸ்கேட்டர் பையன்களுக்கு மூக்கு உடைவது புதிதல்ல. த்ரோ என்று இன்னொன்று. இருவரும் வேகமாகப் போகும்போதே அவன் அவளை வீசுகிறான். தனியாகக் குதிப்பவள் எட்டும் உயரத்தையும் தூரத்தையும்விடக் கூடுதலாகப் பறந்துபோய், பின்பக்கமாக, ஒற்றைக் காலில், ஒரு பிளேடின் ஓரத்தில் இறங்க வேண்டும். வீசியவனுக்கு அதற்குமேல் வேலை இல்லை. இறங்குவது முழுக்க அவள் பாடு. டெத் ஸ்பைரலில் அவன் ஸ்கேட்டின் முன்பல்லை ஐஸில் குத்தி அச்சாக நிற்க, அவள் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு, கூந்தல் ஐஸைத் துடைக்கும் தாழ்வில் அவனைச் சுற்றி வருவாள். பக்கத்துப் பக்கத்தில் நின்று சுழலும்போது இருவரில் ஒருவர் குரல் கொடுப்பார். பாட்டுச் சத்தத்தில் நமக்குக் கேட்காது. அந்தக் குரலுக்குத்தான் இருவரும் ஒரே கணத்தில் நிலையை மாற்றுகிறார்கள்.

அந்தச் சுழல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1996 ஜனவரியில் ரிகாவில் பார்த்தோம். எலெனா பெரெஷ்னயா ரஷ்யப் பெண். அவரும் இரவல் பிள்ளைதான். லாத்வியாவுக்காக அந்நாட்டு ஜோடியோடு ஆடிக்கொண்டிருந்தார். பயிற்சியில் பக்கத்துப் பக்கத்தில் சுழன்றபோது அந்த ஜோடியின் பிளேடு அவர் மண்டையோட்டைக் கிழித்து உள்ளே போனது. பேச்சு போய்விட்டது; திரும்பக் கற்க வேண்டியிருந்தது. அந்த ஜோடி தன்னை எப்படி நடத்தினான் என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். விபத்துக்கு முன்பே சுற்றியிருந்தவர்களுக்கும் அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. ஆனால் எந்த நாட்டு அதிகாரி தலையிடுவது? பிறந்த நாடா, ஆடுகிற நாடா? பெரெஷ்னயா பிழைத்தார், சிகாருலிட்ஸேயோடு புதிய ஜோடியாக 1998இல் வெள்ளி, 2002இல் தங்கம் என்று ஒலிம்பிக் மேடை ஏறினார். அந்த அதிசயத்தைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். ரிகாவில் அன்று அவருக்கு யார் பொறுப்பாளர் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுபடி காத்யாவுக்கு வருகிறேன்.

2016 இலையுதிர் காலத்தில், ஜோடி சேர்ந்து ஓராண்டு நிறையும் முன்பே, தாலினில் ஜூனியர் கிராண்ட் ப்ரீ தங்கம். 2017 மார்ச்சில் தைபேயில் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப். முதல் சுற்றான ஷார்ட் புரோகிராம் முடிவில் முதலிடம் அவர்களுடையதல்ல. இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் ஏறி வந்து வென்றார்கள். ரஷ்ய ஜோடிகளும் சீன ஜோடிகளும் பின்னால் நிற்க, ஆஸ்திரேலியக் கொடி நடுவில் ஏறியது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்த நாட்டுக்கு முதல் உலகப் பட்டம். அதே ஆண்டு டிசம்பரில் நகோயாவில் ஜூனியர் கிராண்ட் ப்ரீ இறுதியிலும் தங்கம். ஜோடி ஸ்கேட்டிங்கில் பாரம்பரியம் என்று சொல்ல எதுவும் இல்லாத நாடு, மாஸ்கோவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்து இரண்டே ஆண்டில் இந்த இடத்துக்கு வந்துவிட்டது. இதில் இருந்த உழைப்பையும் களிப்பையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தைபே நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்த இரண்டு பேரும் ஒருவர் வேகத்துக்கு ஒருவர் பயப்படவில்லை.

ஆனால் உங்கள் விதிப் புத்தகத்தில் இந்தப் பிள்ளை எப்படி இருந்தாள்? உலக ஜூனியரில் ஆட ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு இருவருக்கும் குடியுரிமை வேண்டும். ஆகவே தைபேயில் தங்கம் வாங்கியபோது ரஷ்யக் குடிமகளாக இருந்தவளுக்கு 2017 கடைசிக்குள் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் வாங்கியாக வேண்டும். ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப்பில் ஒலிம்பிக் இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை செப்டம்பரில் ஓபர்ஸ்டோர்ஃபின் நெபல்ஹார்ன் கோப்பையில் சம்பாதிக்க வேண்டும். இடையில் ஜூனியர் கிராண்ட் ப்ரீ போட்டிகள் வேறு. சிட்னியில் கொஞ்ச நாள், மாஸ்கோவில் கொஞ்ச நாள். எல்லாமே நடந்தன. பாஸ்போர்ட் வந்தது, இடமும் வந்தது. ஜூனியர் பட்டம் வென்ற பதினொன்றாவது மாதம், 2018 பிப்ரவரியில், பியோங்சாங். ஷார்ட் புரோகிராமில் 18ஆவது இடம். ஃப்ரீ ஸ்கேட்டுக்கு 16 ஜோடிகளுக்குத்தான் அனுமதி. அத்தோடு முடிந்தது.

அந்த ஒலிம்பிக்கில் ஹார்லிதான் செய்தி. குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் ஆஸ்திரேலியப் பழங்குடி வீரர். நியாயமான தலைப்பு, அந்தச் சமூகம் பட்ட பாட்டுக்கு அந்தத் தலைப்பு எத்தனை முறை வந்தாலும் தகும். ஆனால் பத்திரிகைகளில் காத்யா பெரும்பாலும் ரஷ்யாவில் பிறந்த அவருடைய ஜோடி என்ற அரை வரியாக இருந்தாள். உங்கள் மதிப்பெண் பலகையில் பெண்ணின் பெயரைத்தான் முதலில் போடுகிறீர்கள். பலகைக்கு வெளியே வரிசை மாறிவிடுகிறது.

அதே பியோங்சாங்கில் தங்கம் வென்ற ஜோடியைப் பாருங்கள். அல்யோனா சவ்சென்கோ உக்ரைனில் பிறந்தவர். 2000இல் உக்ரைனுக்காக உலக ஜூனியர் பட்டம் வென்று, ஜோடியை இழந்து, 2003இல் 19 வயதில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே ரொபின் ஸோல்கோவியோடு பல உலகப் பட்டங்கள். அவர் விலகியதும், 2014இல் பிரான்ஸின் புருனோ மாசோ. அவரை விட்டுத்தர பிரான்ஸ் கூட்டமைப்பு ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தது, பணம் கேட்டது. ஜெர்மன் குடியுரிமைக்கான மொழித் தேர்வில் தவறி, மறுபடி எழுதித்தான் மாசோ தேறினார். ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் இருக்கும்போது பாஸ்போர்ட். ஷார்ட்டில் நான்காவதாக இருந்து, ஃப்ரீ ஸ்கேட்டில் உலக சாதனை வைத்துத் தங்கம். சவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34.

நாடு மாறி ஜோடி சேர்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யூகோ கவாகுச்சி 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெரெஷ்னயாவும் சிகாருலிட்ஸேயும் ஆடியதைப் பார்த்து, அவர்களுடைய பயிற்சியாளர் தமாரா மோஸ்க்வினாவுக்குத் தானே எழுதித் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்ன ஜப்பானியப் பெண். 2001இல் ஒரு ரஷ்யப் பையனோடு ஜப்பானுக்காக உலக ஜூனியர் வெள்ளி வென்றார். பிறகு பீட்டர்ஸ்பர்க். ரஷ்யாவுக்காக ஒலிம்பிக் போக, ஜப்பானியக் குடியுரிமையையே துறந்தார். இரட்டைக் குடியுரிமைக்கு ஜப்பான் சட்டம் இடம் தராது. பெரிய இழப்புதான். ஆனால் அதைச் செய்தபோது அவருக்கு 27 வயது. தெரிந்து செய்தார். மாசோவுக்கு மொழித் தேர்வில் தோற்றபோது வயது 28ஐ ஒட்டி. சண்டை போட, வக்கீல் வைக்க, மாட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போக அவர்களுக்கு வயது இருந்தது. 16 வயதுப் பிள்ளைக்கு அது இல்லை. என் மனுவுக்கு அடிப்படை இந்த வித்தியாசம்தான்.

இந்தச் சந்தையில் கிராக்கியைக் கூட்டியவர்களில் நீங்களும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சோச்சி 2014இலிருந்து ஒலிம்பிக்கில் குழுப் போட்டி வந்தது. பத்து நாடுகள், ஒற்றையர் ஆண், ஒற்றையர் பெண், ஜோடி, ஐஸ் டான்ஸ் நான்கும் வேண்டும். நல்ல ஒற்றையர்கள் இருந்தும் ஜோடி இல்லாத நாடுகள் சும்மா இருக்குமா? தேடத் தொடங்கின. ஜோடி ஒன்றை ஆரம்பத்திலிருந்து வளர்க்கப் பத்து வருடம் ஆகும். வெளியிலிருந்து பாதியைக் கொண்டுவந்தால் இரண்டு வருடம் போதும். அந்தப் பாதி பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்தோ உக்ரைனிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும். ஜூனியர் வயதில் வந்தால் இன்னும் வசதி. விடுவிப்பு எளிது, காத்திருக்கும் ஓராண்டு பெரிதாகத் தெரியாது, பாஸ்போர்ட்டுக்கும் நேரம் இருக்கிறது. விதிகள் குற்றம் செய்தன என்று நான் சொல்லவில்லை. விதிகள் ஒரு பள்ளத்தைத் தோண்டின, தண்ணீர் ஓடியது.

பியோங்சாங்குக்குப் பிறகு இருவரும் பயிற்சிக்கு மொன்ட்ரியால் போனார்கள். மூன்றாவது நாடு, மூன்றாவது மொழி. காயங்கள் வந்தன. ஜூனியரில் கையில் இருந்த தங்கம் சீனியரில் வரவில்லை. அது அதிசயமில்லை, ஜூனியரில் பட்டம் வென்றவர்களில் சீனியரில் மேடை ஏறாமலே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். 2020 ஜனவரியில் காத்யாவுக்கு வலிப்பு வந்தது. கால்-கை வலிப்பு நோய் என்று கண்டறிந்தார்கள். தலைக்கு மேலே தூக்கி எறியப்படும் ஒருத்திக்கு அந்த நோய் என்றால், மறுநாள் முதல் ஐஸ் கிடையாது. பிப்ரவரியில் ஓய்வு அறிவிப்பு. ஜூலை 18ஆம் தேதி மாஸ்கோவில் இறந்துபோனாள். வயது 20. எப்படி என்பதைப் பத்திரிகைகள் வேண்டிய அளவுக்கு மேல் எழுதிவிட்டன, நான் எழுதப்போவதில்லை. ஒரு காரணத்தைப் பிடித்துத் தொங்கவும் மாட்டேன். ஓர் உயிர் அப்படிப் போவதற்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கே விடை தெரியாத இடத்தில் நமக்கு என்ன வேலை?

2022இல் இருவரைப் பற்றியும் ஒரு ஆவணப்படம் வந்தது, 'ஹார்லி அண்ட் காத்யா' என்று. மறு ஆண்டு விளையாட்டு ஆவணப்படத்துக்கான சர்வதேச எம்மி விருது பெற்றது. உங்களில் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு மாநாட்டுக்கு வாருங்கள்.

நான் பிடித்துக்கொள்ள விரும்புவது பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் உள்ள ஐந்து மாதங்களை. அந்த மாதங்களில் அவள் யாருடைய பிள்ளை? ஆடிய நாட்டுக்கு இனி ஆட மாட்டாள். பிறந்த நாட்டுக்கு, விடுவித்து அனுப்பிய பழைய கணக்கு. ஜோடிக்கு வேறு ஜோடி தேட வேண்டும். அது அவன் தொழில், அதில் பிழையில்லை. அதற்குமேல் உலகம் முழுவதும் கொரோனாவுக்காகக் கதவடைத்திருந்த மாதங்கள் அவை. சொந்தக்காரர்கள், நண்பர்கள் அக்கறை காட்டியிருப்பார்கள். நான் கேட்பது அதுவல்ல. அலுவல்முறையாக, காகிதத்தில் பெயர் எழுதி, இந்தப் பிள்ளையின் நலத்துக்கு நான் பொறுப்பு, அவள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் பொறுப்பு என்று கையெழுத்திட்டவர் யார்?

ஜோடி உடைந்தால் ஒருவர் அந்தரத்தில் நிற்பது இந்த விளையாட்டின் பழைய கதை. கிறிஸ்டி யமகுச்சியும் ரூடி கலிண்டோவும் 1987 டிசம்பரில் பிரிஸ்பேனில் உலக ஜூனியர் ஜோடிப் பட்டம் வென்றவர்கள். ஆமாம், ஆஸ்திரேலியாவிலேயே. பிறகு இரண்டு முறை அமெரிக்கச் சாம்பியன்கள். 1990இல் யமகுச்சி ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் கவனம் வைக்க முடிவு செய்தார். 1992இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கலிண்டோவுக்கு? பயிற்சியாளர் இறந்திருந்தார், ஜோடி போனது, வீட்டிலும் அடுத்தடுத்து சாவு. ஆறு வருடம் கழித்து, 1996இல், சொந்த ஊரான சான் ஹொசேயில் யாரும் எதிர்பாராமல் அமெரிக்க ஒற்றையர் பட்டத்தை வென்று எழுந்தார். எழுந்தார் என்பதால் நாம் அந்தக் கதையைச் சொல்கிறோம். அவர் சொந்த ஊரில், சொந்த மொழியில், அக்காவின் நிழலில் இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அக்காதான் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்பது நீங்கள் சொல்லக்கூடிய முதல் பதில். பயிற்சியாளர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டு வளர்க்கிறார்கள். ஆனால் பயிற்சியாளருக்கு இரண்டு எஜமானர்கள்: பிள்ளை ஒன்று, பதக்கம் ஒன்று. கணுக்கால் வீங்கியிருக்கும் காலையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். எடை விஷயமும் அப்படித்தான். தூக்கப்படுகிறவளின் எடை தூக்குகிறவனின் தோள்பட்டைப் பிரச்சினையும் ஆகிறது; ஆகவே ஜோடி ஆடும் பெண்ணின் தட்டில் என்ன இருக்கிறது என்பது இன்னொருவர் பேசும் பொருளாகிவிடுகிறது. ஒற்றையர் பெண்ணுக்கு இந்தத் தொல்லை பாதிதான். அவள் உடம்பு அவள் பாடு.

பெற்றோர் இருக்கிறார்களே என்பது இரண்டாவது பதில். இருக்கிறார்கள், பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

எங்களிடம் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறது என்பது மூன்றாவது. இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். உறுப்பு நாடுகளும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. ஒரு நாட்டில் பிறந்து அதே நாட்டில் ஆடும் பிள்ளைக்கு அது ஓரளவு போதும். புகார் கொடுக்க ஓர் அலுவலகம், பேச ஒரு மொழி, திரும்ப ஒரு வீடு. இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு கொள்கைகளும் சேர்ந்தும் ஒரு குடை ஆவதில்லை. எந்தப் பக்கம் புகார் போனாலும் மறுபக்கம் அனுப்பலாம். அவளுக்கே பாஸ்போர்ட் மனு நிலுவையில் இருக்கும்போது, ஆதரவு தரும் கூட்டமைப்பின் மேல் புகார் சொல்ல வாய் வருமா?

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஒரு ஸ்கேட்டர் நாடு மாறும்போது பழைய கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தருகிறது. அந்தக் கடிதம் இல்லாமல் புதிய நாட்டுக்காக ஆட முடியாது. அது ஏற்கெனவே உங்கள் கையில் உள்ள கதவு. 18 வயது நிரம்பாதவர் அந்தக் கதவைத் தாண்டும்போது இன்னொரு தாளையும் கேளுங்கள். அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும்: அந்தப் பிள்ளையின் தாய்மொழி பேசுகிற, அவளோடு அதே நகரத்தில் வசிக்கிற, பயிற்சியாளராகவோ கூட்டமைப்பின் சம்பளக்காரராகவோ இல்லாத ஒருவர். பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குப் பைசா லாபம் இருக்கக் கூடாது. படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மருத்துவச் செலவு, திரும்பும் பயணச் செலவு யார் தலையில் என்பது எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோடி உடைந்தாலோ காயத்தாலோ நோயாலோ ஓய்வு பெற்றாலோ அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருடம் வரை, வயது 18 தாண்டியிருந்தாலும், கொண்டுவந்த கூட்டமைப்பு அவளுக்கு மருத்துவமும் மனநல ஆலோசனையும் தர வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும்.

இரண்டு வருடம் ஏன் என்று கேட்கலாம். ஒரு ஜோடியை ஒட்டவைத்துப் பட்டம் வாங்க அவ்வளவு நாள் போதுமாக இருந்ததே, பிரித்து வீடு சேர்க்கவும் அதே கால அளவு இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு கணக்கு என்னிடம் இல்லை. பொருத்தமான எண்ணை மருத்துவர்களைக் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

செலவு என்பீர்கள். சின்னக் கூட்டமைப்புகளுக்குத் தாங்காது, இப்படி விதி போட்டால் ஜோடி ஸ்கேட்டிங்கே நான்கைந்து நாடுகளோடு சுருங்கிவிடும் என்பீர்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜோடி ஆடும் நாடுகள் ஏற்கெனவே குறைவு. ஹார்லிக்கு மாஸ்கோ இல்லாவிட்டால் மேற்குச் சிட்னிப் பையன் ஒருவன் ஒலிம்பிக் போயிருக்க மாட்டான். அது எனக்கும் வருத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளையைக் கொண்டுவரப் பணம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளப் பணம் இல்லை என்றால், கொண்டுவரவே பணம் இல்லை என்றுதான் பொருள். ஒளிபரப்பு உரிமையிலும் ஒலிம்பிக் பங்கிலும் ஒன்றியத்துக்கு வருமானம் உண்டு. சிறிய நாடுகளுக்கு அதிலிருந்து ஒரு நிதி ஒதுக்கலாம். வருடத்துக்கு இப்படி நாடு மாறும் ஜூனியர் ஜோடிப் பிள்ளைகளைத் திரட்டினால் ஒரு பள்ளி வகுப்பறை நிறையுமா என்பதே சந்தேகம். தாங்க முடியாத தொகை அல்ல.

இன்னொன்றும் சொல்வீர்கள்: காத்யா ஓய்வு பெற்றபோது அவளுக்கு 20 வயது, வயது வந்தவள். சரிதான். கொண்டுவந்தபோது 16. நீங்கள் 2022இல் வயதை உயர்த்தியதே, சின்ன வயதில் ஏற்படுத்துவது பின்னாளிலும் தொடரும் என்பதை ஒப்புக்கொண்டுதானே?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறீர்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு தீர்மானத்தைச் சேர்க்க உறுப்பு நாடு ஒன்று முன்மொழிந்தால் போதும். ஆஸ்திரேலியா முன்மொழிவதே முறை. காத்யா வென்ற பட்டம் அவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது. வழிமொழிய ஆள் தேவைப்பட்டால் இந்தியாவைக் கேளுங்கள். ஜோடிப் பதக்கத்துக்கான போட்டியிலேயே இல்லாத நாடு எங்களுடையது. இந்தத் தீர்மானத்தால் எங்களுக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஆகவே கைதூக்க எந்தச் சங்கடமும் இருக்கக் கூடாது. எங்கள் பிரதிநிதி தயங்கினால் எனக்குத் தெரிவியுங்கள். அவருக்குத் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

அன்புடன்,
தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு ரசிகன்